மெயின் போர்டு குடிவந்த வீடு

எட்டு வீடுகளுக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற மெயின் போர்டு, மழை ஓய்ந்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறேமுக்கால் மணிக்கு, தரைத்தளத்து மீட்டர் அறையை விட்டுக் கிளம்பிப் படியேறி மூன்றாம் மாடிக்கு வந்து, செக்கர் வீட்டு ஹாலில் டி.வி.க்கும் பீரோவுக்கும் நடுவில் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டது. இரும்புப் பெட்டி, எட்டு மீட்டர், எட்டு வரிசை ஃபியூஸ் கட்டை, மண்டையோட்டுப் படம் போட்ட அபாயத் தகடு என்று ஒன்றும் குறையவில்லை. கேபிள்களும் கூடவே வந்திருந்தன. எந்தச் சுவரும் உடைபடவில்லை, ஒரு சிட்டிகை சிமெண்ட் பொடிகூட உதிரவில்லை. எந்த வீட்டிலும் விளக்கு ஒருமுறைகூடச் சிமிட்டவில்லை. முதல் மாடியில் அந்நேரம் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடி முடித்தது. கீழே மீட்டர் அறையில் நாலு ஆணித் துளையும், புதுச் சுண்ணாம்பு படாத ஒரு நீள்சதுரமும் மட்டுமே மிச்சம் இருந்தன.

செக்கர் என்று கட்டடமே கூப்பிடுகிற அந்த மனிதர், ரயிலில் முப்பத்து நான்கு வருடம் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். மனிதர்களை அவர் இரண்டே வகையாகப் பிரித்து வைத்திருந்தார்: டிக்கெட் இல்லாதவர்கள், இன்னும் மாட்டிக்கொள்ளாதவர்கள். பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டார். தும்மல் வந்தால் யார் எதைத் தூவினார்கள் என்று சுற்றிலும் ஒரு பார்வை பார்ப்பார். ஆகவே ஹாலில் மெயின் போர்டைக் கண்டதும் அவருக்கு ஆச்சரியம் வரவில்லை. கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. யாரோ திட்டம் போட்டு இதைத் தன் தலையில் கட்டிவிட்டார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. "யார் வந்தா?" என்று மனைவியைக் கேட்டார். "யாரும் வரல. பால் எடுக்கக் கதவைத் திறந்தேன், திரும்பினா இது நிக்குது" என்றார் அந்த அம்மா. "தானா எப்படி வந்து நிக்கும்?" "எனக்கென்ன தெரியும்? நீங்ககூடத்தான் காலைலேருந்து சும்மா நின்னுக்கிட்டிருக்கீங்க. நான் ஏதாவது கேட்டேனா?"

இதற்கு இரண்டு மாதம் முன்னால் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கட்டடத்தின் மாடிப்படிகளைத் தினமும் காலையில் கழுவிவிடுகிறவளை எல்லோரும் படிக்காரம்மா என்பார்கள். படிக்கட்டின் இரும்புக் கைப்பிடியைத் தொட்டால் எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கிறது என்று அவள் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒருநாள் ஈரக் கையோடு பிடித்தபோது கைப்பிடி அவளைத் தூக்கி எறிந்து, இரண்டாம் மாடித் திருப்பத்தில் போட்டது. வலது கையில் கடைசி இரண்டு விரல்களுக்கு உணர்ச்சி போய்விட்டது. குடியிருப்போர் சங்கம் உடனே கூடியது. எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். மின்சாரம் எங்கிருந்து கசிகிறது, அதைப் பார்க்க வேண்டியது யார் என்று நாற்பது நிமிடம் பேசினார்கள். போர்டு பொதுச்சொத்து, பொதுச்சொத்து என்றால் எல்லோருக்கும் சொந்தம், எல்லோருக்கும் சொந்தம் என்றால் யாரைக் கேட்பது என்ற இடத்தில் பேச்சு நின்றுபோனது. கடைசியில், படிக்காரம்மாவுக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கித் தருவது, இனிமேல் அவள் கைப்பிடியைத் தொடாமல் கழுவிக்கொள்வது என்று தீர்மானம் நிறைவேறியது. முன்மொழிந்தவர் செயலாளர். வழிமொழிந்தவர் செக்கர். செருப்பு ஒரு அளவு பெரிதாக இருந்தது.

இப்போது போர்டு தன் வீட்டில் நிற்கவே, பார்க்க வேண்டியது யார் என்ற கேள்வியைச் செக்கர் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினார். மின் அலுவலகத்தில் இருந்த அதிகாரி அவர் சொன்னதைத் துளி வியப்பில்லாமல் கேட்டுக்கொண்டு, ஒரு தாளில் கட்டடம் ஒன்றை வரைந்து, தெருவிலிருந்து வரும் கேபிள் அதற்குள் நுழைகிற இடத்தில் பென்சிலால் கோடு கிழித்தார். இந்தக் கோடு வரை நாங்கள், அந்தப் பக்கம் நீங்கள் என்றார். அந்தப் பக்கம் நாங்கள் எட்டு வீடு இருக்கிறோமே, அதில் யார் என்று கேட்டதற்கு, கோட்டுக்கு அந்தப் பக்கம் நடப்பதைக் கேட்க எனக்கு அதிகாரமில்லை என்று கையை விரித்தார். கட்டடத்தைக் கட்டியவரைத் தேடிப் போனால் அவருடைய ஆபீஸ் பல் டாக்டர் கிளினிக் ஆகியிருந்தது. செயலாளரோ, போர்டு பொது இடத்தில் இருந்தவரை சங்கத்தின் பொறுப்பாக இருந்திருக்கலாம், இப்போது ஒரு தனி வீட்டு ஹாலில் இருக்கிறது, இதில் சங்கம் மூக்கை நுழைப்பது முறையாகாது என்று பணிவாகச் சொன்னார். செயலாளர் குளியலறை டைல்ஸ் வியாபாரி, இரண்டாம் மாடி. அவர் பணிவாகப் பேசினால் ஏதோ உள்குத்து இருக்கிறது என்பது செக்கரின் நீண்டநாள் கணிப்பு. மூன்றாம் நாளே காலியான மீட்டர் அறையில் டைல்ஸ் பெட்டிகள் கூரை வரை அடுக்கப்பட்டிருந்தன. திருட்டு வெட்டவெளிச்சமாகிவிட்டது என்று செக்கர் வீட்டுக்கு வந்து கைதட்டிச் சிரித்தார்.

ஆனால் அதை நிரூபிக்க முடியவில்லை. அவ்வளவு கனமான பெட்டியை நாலு பேர் தூக்கி வந்திருந்தால் படியில் கீறல் இருக்க வேண்டும், இல்லை. சத்தம் கேட்டிருக்க வேண்டும், யாரும் கேட்கவில்லை. சாட்சி என்று இருந்தது படிக்காரம்மா ஒருத்திதான். அவள் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். "நான் ரெண்டாவது மாடி கழுவிக்கிட்டிருந்தேன். கீழேருந்து அதுவா ஏறி வந்துச்சு. கைப்பிடியத் தொடாம, செவத்து ஓரமாவே வந்துச்சு. படி ஈரமா இருந்துச்சில்ல, காயட்டும்னு திருப்பத்துல செத்த நேரம் நின்னுச்சு. அப்புறம் உங்க வீட்டுப் பக்கம் திரும்பிடுச்சு." செயலாளர் இவளையும் விலைக்கு வாங்கிவிட்டார் என்று செக்கர் முடிவு கட்டினார். அன்றிலிருந்து தன் வீட்டு வாசலை அவள் கழுவும்போது அவர் கதவை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு அவளைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தார்.

அவர் மனைவிக்கோ ஒரே வாரத்தில் போர்டு பழகிவிட்டது. ஃபியூஸ் போனால் எந்த வீட்டுக்காரரும் இனி மூன்றாம் மாடிக்குத்தான் வந்தாக வேண்டும். பல வருடம் படியில் பார்த்தும் பார்க்காத மாதிரி போனவர்கள் ஹாலில் வந்து உட்கார்ந்து காபி குடித்தார்கள். மீட்டர் கணக்கெடுப்பவர் மூன்று மாடி ஏறி வந்து, கேட்ட கேள்வி இதுதான்: "தண்ணி கொஞ்சம் கிடைக்குமாம்மா?" செக்கர் மட்டும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு எதிரே உட்கார்ந்துகொண்டு, யார் வந்தார்கள், எந்தக் கட்டையைப் பிடுங்கினார்கள், அப்போது யார் முகத்தைப் பார்க்காமல் பேசினார்கள் என்று எழுதினார். டிக்கெட் இல்லாதவன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பான் என்பது அவர் அனுபவம். எல்லோருமே ஜன்னல் பக்கம்தான் பார்த்தார்கள். ஏனென்றால் போர்டு பக்கம் பார்க்கச் சூடாக இருந்தது. நாளாக ஆக அதன் இரும்பு முகம் காய்ச்சல்காரன் நெற்றி போலக் கொதித்தது. உள்ளே வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு ரீங்காரம். "யார் வெச்சாங்கன்னு அப்புறம் கண்டுபிடிங்க, முதல்ல இது ஏன் சுடுதுன்னு பாருங்க" என்று மனைவி பலமுறை சொல்லிவிட்டார். சுடுவதும் அவர்கள் திட்டத்தில் ஒரு பகுதிதான் என்றார் செக்கர்.

அப்படியே ஏழு மாதம் ஓடியது. எட்டாம் மாதம் அவர்களுடைய ஒரே மகள் வந்தாள். அவளுக்குப் பத்து மாதப் பெண்குழந்தை, தவழ்கிற பருவம். பிரசவ விடுப்பை நீட்டி நீட்டிப் பார்த்து, இனி நீட்ட முடியாது என்ற நிலை. முதல் தேதி வேலையில் சேராவிட்டால் இடம் போய்விடும். குழந்தையைப் பகல் முழுவதும் அம்மா அப்பாவிடம் விடுவதாக ஏற்பாடு. செக்கர் உலகத்தில் சந்தேகப்படாத ஒரே ஜீவன் அந்தப் பேத்திதான். அவளுக்காக ஒரு தொட்டிலும், அதன் ஆணியை மூன்று முறை இழுத்துப் பார்த்த பெருமையும் அவரிடம் தயாராக இருந்தன. மகள் ஹாலுக்குள் வந்தாள், போர்டைப் பார்த்தாள், கிட்டே போய் உள்ளங்கையை நீட்டிச் சூட்டை உணர்ந்தாள், குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை. "அப்பா, இது யாரோட பொறுப்பு?" என்று கேட்டாள். செக்கர் செயலாளரின் சதியை ஆதியோடு அந்தமாகச் சொன்னார். நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். மகள் பொறுமையாகக் கேட்டாள். "யார் பண்ணினாங்கன்னு நான் கேக்கலப்பா. இனிமே யார் பாத்துக்குவாங்கன்னு கேட்டேன். அதுக்கு ஒரு ஆள் இல்லாத வீட்ல இவள விட மாட்டேன். வேலைய விட்டுடறேன், பரவால்ல" என்று சொல்லிவிட்டு, கொடுத்த காபியைக்கூட நின்றபடியே குடித்துவிட்டுப் போனாள். படித்து, பரீட்சை எழுதி, ஊரெல்லாம் அலைந்து அவள் வாங்கிய வேலை அது. முதல் தேதிக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது.

மறுநாளே அவர் லைசன்ஸ் உள்ள மின்பணியாளர் ஒருவரைக் கூட்டி வந்தார். நாற்பது வயதுப் பெண்மணி, தடித்த காலணி, தோளில் கருவிப் பை. போர்டு ஹாலுக்கு எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை. இதைவிட மோசமான இடங்களில் வைத்திருப்பதைப் பார்த்திருப்பதாகச் சொன்னார். பையிலிருந்து முதலில் எடுத்தது டெஸ்டர் அல்ல, ஒரு படிவம். "திறக்கறதுக்கு முன்னாடி இதுல ஒரு கையெழுத்து வேணும் சார். பொறுப்பாளர்னு ஒரு இடம் இருக்கு பாருங்க. நான் சரி பண்ணிட்டுப் போயிடுவேன். அப்புறம் வருஷா வருஷம் சோதிக்கறது, யாராவது கையை விட்டா தடுக்கறது, பழுதுன்னா என்னைக் கூப்பிடறது, எல்லாத்துக்கும் ஒரு ஆள் பதில் சொல்லணும். அந்த ஆள் இல்லாத போர்ட நான் தொடறதில்ல" என்றார்.

செக்கர் படிவத்தோடு ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார். முதல் மாடி எஞ்சினீயர் மூன்று பக்கமும் வாசித்து, அற்புதமான படிவம் என்று பாராட்டித் திருப்பிக் கொடுத்தார். எதிர்வீட்டு டீச்சர் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம் என்றார். அவர்களுடைய வீட்டுச் சொந்தக்காரர் போனில், நான் அங்கே குடியிருக்கவில்லையே என்றார். நாலாம் மாடிக்காரருக்கு அன்று பார்த்துக் கையில் சுளுக்கு. செயலாளர் சங்கத்தின் ரப்பர் ஸ்டாம்ப்பை எடுத்து மையில் ஒற்றிப் படிவத்துக்கு மேலே ஓங்கிப் பிடித்தவர், பிறகு மை காய்ந்துவிட்டது என்று உள்ளே வைத்துவிட்டார். மற்ற ஏழு வீட்டையும் சுற்றி முடித்து மூன்றாம் மாடிக்கு வந்தபோது செக்கருக்கு மூச்சு வாங்கியது. எல்லோரும் அயோக்கியர்கள் என்று மின்பணியாளரிடம் சொன்னார். "நீங்க போடலையே சார்?" என்று அவர் கேட்டார். நான் ஏன் போட வேண்டும், என் மேல் அல்லவா இதைச் சுமத்தியிருக்கிறார்கள் என்று செக்கர் சீறினார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, குற்றவாளியைக் கண்டுபிடிக்க இதுவும் ஒரு வழிதான் என்று தோன்றவே, திறந்து பார்ப்பதற்கு மட்டும், பொறுப்புக்கு அல்ல என்று ஓரத்தில் எழுதி ஒரு சுருக்கொப்பம் போட்டுக் கொடுத்தார்.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு மின்பணியாளர் பெட்டியைத் திறந்தார். ஃபியூஸ் கட்டை ஒவ்வொன்றிலும் முடி மாதிரி மெல்லிய கம்பி இருக்க வேண்டும். மின்சாரம் மிஞ்சினால் அது உருகி அறுந்து மற்றதைக் காப்பாற்றும். அந்தப் போர்டில் ஒரு கட்டையில்கூட அது இல்லை. அடிக்கடி போகிறதே என்று ஆளுக்கொரு தடித்த கம்பியைத் திருட்டுத்தனமாக முறுக்கி வைத்திருந்தார்கள். எஞ்சினீயர் வீட்டுக் கட்டையில் இருந்தது துணி உலர்த்தும் கம்பி. கசிகிற மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்குகிற எர்த் குழி எங்கே என்று தேடிப் போனால், அதன் மேல் செயலாளர் அழகுக்காகப் பூப்போட்ட டைல்ஸ் ஒட்டியிருந்தார். ஒட்டும்போது எர்த் கம்பி இடைஞ்சலாக இருக்கிறதென்று நறுக்கியும் விட்டிருந்தார். செக்கர் ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு ஆனந்தப்பட்டார். அப்போது மின்பணியாளர் படிக்கட்டில் நின்று கூப்பிட்டார். "எல்லா ஒயரும் போர்டோட மேல வந்திருக்கு சார். இது ஒண்ணு மட்டும் கைப்பிடிய விட்டு வர மாட்டேன்னு நிக்குது. இது யார் வீட்டுது?" கைப்பிடிக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத பக்கமாக, ஒரு பழைய ஒயர் ஓடிக்கொண்டிருந்தது. கிளாம்ப் உரசி உரசி அதன் தோல் நாலு இடத்தில் கிழிந்து, செம்பு இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவர் அதைப் பிடித்துக்கொண்டே படியேறி, ஹாலுக்குள் வந்து, ஆறாவது கட்டையில் வந்து நின்றார். கட்டையைப் பிடுங்கினார். கம்பிக்குப் பதிலாக அதில் ஒரு கொண்டை ஊசி இருந்தது.

செக்கரின் மனைவி எட்டிப் பார்த்து, "இது என்னோடதாச்சே" என்றார்.

ஆறாவது கட்டை செக்கர் வீட்டுக் கட்டை. பதினோரு வருடம் முன்னால், மகள் பரீட்சைக்குப் படித்த மாதம், அவர்கள் வீட்டு லைனில் விளக்கு மங்கி மங்கி எரிந்தது. பிள்ளை கண்ணைக் கெடுத்துக்கொள்கிறாளே என்று செக்கர் யாரிடமும் சொல்லாமல் கீழே போய், தங்கள் கட்டையிலிருந்தே தனியாக ஒரு புது ஒயரை இழுத்துக் கைப்பிடியோடு கட்டி மேலே கொண்டுவந்தார். ஃபியூஸ் நிற்காதபோது மனைவியின் கொண்டை ஊசியை வளைத்துச் செருகினார். மகள் நல்ல வெளிச்சத்தில் படித்துத் தேறினாள். அவர் மறந்துபோனார். கட்டையில் நல்ல கம்பியும், கைப்பிடிக்கு எர்த்தும் இருந்திருந்தால், கசிந்த அன்றே ஃபியூஸ் போய் எல்லாம் அடங்கியிருக்கும், ஒருத்திக்கும் விரல் போயிருக்காது என்று மின்பணியாளர் சாதாரணக் குரலில் சொன்னார். செக்கர் கையிலிருந்த நோட்டை மூடினார். முப்பத்து நான்கு வருடத்தில் எத்தனையோ பேர் அவர் முன்னால் பைகளைத் துழாவியிருக்கிறார்கள். அவர்கள் முகத்தில் ஓடியது என்னவென்று அன்றுதான் அவருக்கு உள்ளேயிருந்து தெரிந்தது. வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

மறுநாள் காலை அவர் படிக்காரம்மாவிடம் போனார். அவள் முதல் மாடிப் படியைத் தள்ளிக் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் ஒயரையும் ஊசியையும் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் துடைப்பத்தை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றாள். எப்படித் தெரியும் என்றார். "நீங்க பேத்தியப் பாக்கப் போனீங்களே, அந்தப் பத்து நாளும் கைப்பிடி அடிக்கல. ஈரத்துணி பட்டாலும் சும்மா இருந்துச்சு. நீங்க வந்த அன்னைக்கே மறுபடி சுருக்குன்னுச்சு." ஊருக்குப் போகும்போதெல்லாம் செக்கர் கீழே இறங்கித் தன் வீட்டு மெயினை அணைத்துவிட்டுத்தான் போவார். பூட்டிய வீட்டிலிருந்து யாராவது கரண்ட் திருடுவார்கள் என்ற சந்தேகம். "அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றார் அவர். அவள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "யார்கிட்டங்க? செருப்புக்கு வழிமொழிஞ்சதே நீங்கதானே. போர்டு நடந்து வந்துச்சுன்னு கண்ணால பாத்ததச் சொன்னேன், அதையே நீங்க நம்பல." மன்னித்துவிடு என்று செக்கர் சொல்ல நினைத்து, அது வாய்வரை வந்து, நாளைக்கு டாக்டரிடம் கையைக் காட்டப் போகலாம், நானே கூட்டிப்போகிறேன் என்று மாறி வெளியே வந்தது. "விரல் இனிமே வராதுங்க" என்றாள் அவள். "ஆனா வரேன்."

அன்று மதியம் அவர் புதுப் படிவம் ஒன்று கேட்டு வாங்கி, பொறுப்பாளர் என்ற இடத்தில் முழுப் பெயரையும் எழுதி, ஓரத்தில் எதுவும் எழுதாமல் கையெழுத்துப் போட்டார். வேலை நாலு நாள் நடந்தது. கைப்பிடி ஒயரை அறுத்து எடுத்தார்கள். பூப்போட்ட டைல்ஸைப் பெயர்த்துப் புது எர்த் குழி தோண்டினார்கள். ஃபியூஸ் கட்டைகளுக்குப் பதிலாகத் தானே விழுகிற சுவிட்சுகள் வந்தன. செயலாளர் பெயர்த்த டைல்ஸுக்காக முணுமுணுத்தார். ஆனால் மறுவாரமே தன் வீட்டு ஒயரிங்கையும் பார்க்கச் சொல்லி மின்பணியாளரை ரகசியமாகக் கூப்பிட்டார். எஞ்சினீயரும் கூப்பிட்டார், சுளுக்குக்காரரும் கூப்பிட்டார். யாருக்கும் திடீரென்று நல்ல மனது வந்துவிடவில்லை. காலையில் எழுந்ததும் அவரவர் ஹாலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பல் தேய்க்கப் போனார்கள், அவ்வளவுதான். போர்டு ஆறிக் குளிர்ந்தது, ரீங்காரமும் அடங்கியது. இனி அது கீழே இறங்கிவிடும் என்று செக்கர் தினமும் கதவைத் திறந்து வைத்துப் பார்த்தார். அது போகவில்லை.

முதல் தேதிக்கு முந்தின ஞாயிறு மகள் வந்தாள். போர்டு அதே இடத்தில் நிற்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றாள். செக்கர் சரிசெய்த விவரத்தையெல்லாம் சொல்ல வாயெடுத்தார். அவள் கேட்கவில்லை. போன தடவை கேட்டதையே கேட்டாள். "யாரோட பொறுப்புப்பா?"

"என்னோடது" என்றார் செக்கர். "உன் பரீட்சைக்கு இழுத்த ஒயரும் என்னோடது. அந்தம்மா விரல் போனதும் அதுலதான்."

மகள் அவரை ரொம்ப நேரம் பார்த்தாள். டிக்கெட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிற பயணி மாதிரி அவர் நின்றார். பிறகு அவள் உள்ளே வந்து, உள்ளங்கையைப் போர்டின் மேல் வைத்து, எடுத்து, குழந்தையைத் தரையில் விட்டாள்.

குழந்தை யாரையும் பார்க்கவில்லை. விட்ட அம்பாக நேரே போர்டை நோக்கித் தவழ்ந்து போய்க் கையை நீட்டியது. போர்டு சுவரிலேயே ஒரு முழம் மேலே ஏறிக்கொண்டது. குழந்தை அண்ணாந்து பார்த்துக் கெக்கெக்கென்று சிரித்தது. செக்கரின் மனைவி பால் காய்ச்ச உள்ளே போனார். மகள் கைப்பையிலிருந்து குழந்தையின் மாற்றுத்துணிகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். குழந்தை எழுந்து நிற்கப் பழகியபோது போர்டு இன்னும் ஒரு முழம் ஏறியது, நாற்காலி மேல் ஏறக் கற்றுக்கொண்ட மாதம் இரண்டு முழம். இப்போது பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள், போர்டு கூரையை ஒட்டி இருக்கிறது. மின்பணியாளர் வருடத்துக்கு ஒருமுறை ஏணி போட்டுச் சோதிக்கிறார். அன்றைக்கு ஏணியைப் பிடித்துக்கொள்ள வேண்டியது சங்கம் என்று தீர்மானமாகியிருப்பதால் செயலாளர் வந்து பிடித்துக்கொள்கிறார். செக்கர் இன்றுவரை அவரை நம்புவதில்லை. ஆகவே ஏணியின் இன்னொரு காலை அவரே பிடித்துக்கொள்கிறார்.